வேகம் குறிக்கப்படாத ஒரு வரி

வண்டிகளை எண்ணும் அந்தப் பெட்டியைக் கம்பத்தில் மாட்டும்போது முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாழப் பறக்கும் கடற்காகங்களையும் கார் என்று எண்ணிவிடும். ஒருமுறை வடக்கே ஒரு துறைமுகத்தில் நாளொன்றுக்கு நாலாயிரம் வண்டிகள் என்று காட்டியது. அந்த ஊரில் இருந்ததே முந்நூறு வண்டிகள்தான். மீன் இறக்கிய நாள் அது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் இதை நான் சொல்வேன். நீங்களும் சிரித்துவிட்டீர்கள், நல்லது. காபியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மரியாதையான கடிதம். ஒரு சாலையோ சுரங்கப்பாதையோ திறந்து ஐந்து ஆண்டுகள் ஆனதும் பழைய கணிப்பையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். என் காலத்திலேயே அது வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தெர்வோக் சுரங்கப்பாதையில் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு அறுபத்தைந்து வண்டிகள் போகும் என்று நான் கணித்தேன். முப்பத்து நான்கு போகின்றன. இந்த வித்தியாசம் ஏன் என்பது உங்கள் முதல் கேள்வி. இரண்டாவது, செலவைப் பற்றியது. அதற்கு ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்காகத்தான் நீங்கள் இவ்வளவு தூரம் பேருந்தில் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கைக் கோப்பில் இருநூற்று முப்பத்தேழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் நேரம், திசை, வண்டியின் வகை, வேகம். கடைசி வரியில் மட்டும் வேகம் இல்லை. கருவிப் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவிப் பிழை அல்ல. ஆனால் அந்த வரிக்கு வருவதற்கு முன் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் தெர்வோக்கில் பிறந்தவன். இது கோப்பிலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. ஃபியோர்டு என்ற குறுகிய கடற்கழியின் கடைசி மடிப்பில் நூற்றுப் பதினான்கு பேர் வாழும் ஊர். கடை, பள்ளி, மருத்துவர், தேவாலயம் எல்லாம் ஏழு கிலோமீட்டர் தள்ளி நெஸ் என்ற ஊரில். இரண்டுக்கும் நடுவே ஒரே சாலை. அந்தச் சாலை நானூறு மீட்டர் தூரம் ஒரு மலைப்பள்ளத்தின் அடியில் போகிறது. அந்தப் பள்ளத்துக்கு எங்கள் ஊரில் க்வீதா என்று பெயர். பனிச்சரிவு அதன் வழியாகத்தான் இறங்கும்.

க்வீதாவுக்கு அடியில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வண்டி ஓட்ட மாட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு படகுக் கொட்டகை. குளிர்காலத்தில் அங்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஒருவர் மட்டும் போவார். அந்தப் பக்கத்துப் பாறை வளைவை எட்டியதும் விளக்கை இரண்டு முறை அணைத்து எரியவைப்பார். அதைப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் புறப்படுவார். இதற்கு விளக்குக்கு நிற்பது என்று பெயர். நிற்கும்போது கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். விளக்கு வராவிட்டால் அடுத்தவர் ஊர்ந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஆனால் விளக்கு வராமல் போனதை யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளாக அந்தச் சாலையில் ஒருவரும் சாகவில்லை.

எங்கள் தொழிலில் இது ஒரு ஊருக்கு நல்லதல்ல. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாலையில் எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள், எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதைப் பார்த்துத்தான் பயனைக் கணக்கிடுகிறோம். பயந்து வீட்டில் இருப்பவர்கள் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. நான்கு குடும்பங்கள் ஒரே வண்டியில் சாமான் வாங்கப் போனால் அது ஒரு வண்டி. அவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்களோ, அவ்வளவுக்கு அந்தச் சுரங்கப்பாதை தேவையில்லாததாக ஆனது.

முதல் ஆய்வையும் நானே செய்தேன். நாளொன்றுக்குப் பத்தொன்பது வண்டிகள் வந்தன. பெட்டி மாட்டிய மின்கம்பம் படகுக் கொட்டகைக்கு எதிரிலேயே இருந்தது. அந்தப் பெட்டிக்கு நிற்கிற வண்டி தெரியாது. நடக்கிற வேகத்தில் ஊர்ந்தாலும் தெரியாது. அதனால் சில வண்டிகள் விட்டுப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்த கம்பத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் இருபத்து நான்கு வந்திருக்கும். இருபத்து நான்கும் போதாது. செலவிடும் ஒவ்வொரு குரோனரிலும் முக்கால் பங்குக்கு மேல் நஷ்டம் என்று முடிவு வந்தது.

அந்த முடிவைச் சொல்ல நானே ஊர்க்கூடத்துக்குப் போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அது கோழைத்தனம் என்று நினைத்தேன். என் தங்கை குன்வோர் முதல் வரிசையில் உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். கூட்டங்களில் அவள் எப்போதும் பின்னுவாள், எல்லாவற்றையும் கேட்பாள்.

"எங்க பயத்துக்கு எவ்வளவு போட்டிருக்க, அண்ணா?"

பணமாக்க முடியாதவற்றுக்குத் தனிப் பக்கம் உண்டு, அதில் கூட்டல் குறிகள் போடுவோம், பயத்துக்கு மூன்று கூட்டல் குறி போட்டிருக்கிறேன், அதற்கு மேல் யாருக்கும் போட்டதில்லை என்றேன்.

"மூணு கூட்டல் குறியா? நான் என்ன உங்கிட்ட கட்டுரையா எழுதிக் குடுத்தேன்?"

கூடமே சிரித்தது. ஒரு உயிரை எவ்வளவுக்கு மதிப்பிடுகிறீர்கள் என்று மீன் பண்ணை மெக்கானிக் ஐன்ரிடே கேட்டார். மூன்று கோடிக் குரோனர் என்றேன். குன்வோர் பக்கத்தில் இருந்த தன் கணவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அஸ்லாக்குக்குக் கூடவா மூணு கோடி? யாராவது முன்பணம் குடுத்தா இன்னிக்கே தள்ளிவிட்டுடறேன்."

"உன்னையும் சேத்து எடுத்துக்கணும்னா அவன் பாதி விலைதான் குடுப்பான்" என்றான் அஸ்லாக்.

அது யாருடைய உயிரும் அல்ல, பெயரில்லாத ஒரு உயிர், பலர் சேர்ந்து சுமக்கும் ஆபத்தின் ஒரு கூறு என்று விளக்கினேன். அமைதியாகக் கேட்டார்கள். பிறகு ஐன்ரிடே, எங்களுக்குப் பதிலாக யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்டார். நகரத்தின் கிழக்குப் புறவழிச்சாலைக்கு என்றேன். நாற்பதாயிரம் பேர், ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் மிச்சம்.

"அந்த ஒன்னரை நிமிஷத்துல என்ன பண்ணுவாங்க?"

"காபி குடிப்பாங்க, வேறென்ன" என்றாள் குன்வோர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அதன் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது எனக்குக் காபி ஊற்றுவார்கள், ஊற்றிவிட்டு, "இதுக்கு எத்தனை கூட்டல் குறி, டோர்லைவ்?" என்பார்கள். பகையாக அல்ல. ஆனால் நான்கு ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள்.

திட்டங்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பரிசீலனைக்கு வரும். இந்த முறை குளிர்காலத்தில் ஒரு முழு வாரம் எண்ண வேண்டும் என்று மேலிடம் சொன்னது. பெட்டிக்கு அதே கம்பம்தான். நான் ஆண்டின் ஏழாம் வாரத்தை, பிப்ரவரி நடுவில், தேர்ந்தெடுத்தேன். எட்டாம் வாரம் பள்ளி விடுமுறை, அது நேர்மையான மாதிரி ஆகாது. ஜனவரிக் கடைசியில் குன்வோருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அந்த ஏழு நாளும் அவங்கவங்க வண்டியில போங்க. சேந்து போகாதீங்க. தினம் ரெண்டு தடவை, முடிஞ்சா மூணு தடவை."

"எங்க போறது?"

"நெஸ்ஸுக்கு. ரொட்டி வாங்க, தபால் போட, என்னத்துக்கோ."

"இது திருட்டா, அண்ணா?"

இல்லை என்றேன். அப்போது நான் சொன்ன வாதத்தை இன்றும் உங்கள் முன்னால் நிறுத்தத் தயார். பயம் இல்லாதிருந்தால் எத்தனை முறை போவீர்களோ அத்தனை முறை போங்கள், சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த எண்தான் உண்மையாக இருக்கும், பத்தொன்பதுதான் பொய். நன்றாக யோசித்துப் பாருங்கள், இதில் தவறு கண்டுபிடிப்பது கடினம். இன்றைய முப்பத்து நான்கு அதைத் தவறாக்குகிறதே என்று நீங்கள் சொல்லலாம். சில நாள் உற்சாகத்தைக் குளிர்காலம் முழுவதற்கும் நீட்டினேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

"விளக்குக்கு நிக்கலாமில்ல?" என்று கேட்டாள்.

"நிக்காதீங்க. நின்னு ஊர்ந்தா பெட்டிக்குத் தெரியாது. அறுபது வண்டி ஒவ்வொண்ணா நின்னா பகல் வெளிச்சமும் பத்தாது."

"பெட்டிக்குக் கண்ணு அவ்வளவுதானா" என்றாள். பிறகு, "சரி, ஊர்ல சொல்றேன்."

திங்கட்கிழமை ஐம்பத்தெட்டு. செவ்வாய் எழுபத்தொன்று. புதன் அறுபத்தாறு. மாலையில் குன்வோர் அழைத்து அன்றைய செய்திகளைச் சொல்வாள். எங்கள் ஊர் முதியவர் ஹால்ஸ்டைன் ஒரே ஒரு தபால்தலை வாங்க மூன்று முறை நெஸ்ஸுக்குப் போயிருக்கிறார். மூன்றாம் முறை தபால்காரப் பெண், "மொத்தமா ஒரு தாள் தரட்டுமா, பெரியவரே?" என்று கேட்க, "வேணாம்மா, அப்புறம் நாளைக்கு வர்றதுக்குக் காரணம் இருக்காது" என்றிருக்கிறார். அவர் மனைவி மில்ட்ரிதுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்தக் குறை தீர, ஒவ்வொரு முறையும் அவருடன் போய் வந்தாள். நெஸ் படகுத்துறையில் யாரோ அடுப்பு வைத்து வாஃபிள் அப்பம் சுடத் தொடங்கிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் அங்கே நின்று ஜாம் வழிய வழியச் சாப்பிட்டார்கள். "திருவிழா மாதிரி இருக்கு, அண்ணா. பயம் இல்லாம இருந்தா இப்படித்தான் இருந்திருப்போம் போல" என்றாள் புதன்கிழமை. அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அப்படிப் பேசுவாள்.

புதன் பகலிலிருந்தே தென்மேற்குக் காற்று. காற்று மலையின் மறுபக்கத்துப் பனியை வாரி க்வீதாவின் கழுத்தில் கொண்டுவந்து கொட்டும். எனக்கு இது தெரியும், அங்கே பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்காது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு யோஸ்டைன் அழைத்தார். சாலையை மூடுகிற அதிகாரம் அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

"டோர்லைவ், மேல ராத்திரி பூரா கொட்டியிருக்கு. பனிச்சரிவு எச்சரிக்கை அஞ்சுல நாலுக்கு ஏறிடுச்சு. தடுப்பை இறக்கிடட்டுமா?"

"உங்க கையேடு என்ன சொல்லுது?"

"கையேடு என்னத்தைச் சொல்லும். சூழ்நிலைக்கு ஏத்த மாதிரினு சொல்லுது."

ஒரு நாள் சாலையை மூடினாலும் அந்த வாரத்து எண்ணிக்கை செல்லாது, அடுத்த வாய்ப்பு நான்கு ஆண்டு கழித்துத்தான் என்றேன். அது உண்மையான விதி. அதை அவருக்கு நினைவூட்டியதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. மூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஊர்க்காரங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க" என்றார். "சரி, சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்."

ஒரு மணிக்கு குன்வோர்.

"இன்னிக்குப் போதும்னு நினைக்கறேன், அண்ணா. காலையில போனவங்க திரும்பி வந்தாச்சு. க்வீதா கழுத்துல திரண்டு நிக்குது, சன்னல்லேர்ந்தே தெரியுது. எங்க நாய்கூட வாசலைத் தாண்ட மாட்டேங்குது."

"முப்பத்தொம்பதுதான் ஆகியிருக்கும் இப்ப."

"ஆகட்டுமே. உன் பெட்டிக்கு ஒரு மத்தியானம் லீவு குடு. அதுவும் பாவம், நாலு நாளா கண்ணைச் சிமிட்டாம நிக்குது."

இன்று விழுந்தால் சராசரி விழும், சராசரி விழுந்தால் எல்லாம் போய்விடும், இத்தனை நாள் ஓட்டியது வீண் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அறிக்கையில் எழுதுவது போலத்தான் சொன்னேன். அவள் பின்னிக்கொண்டிருந்தாள் போலும், ஊசிகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கணக்குத் தெரிஞ்சவன் நீ. ரெண்டு மணிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறோம்."

இரண்டு மணி ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடிக்கு ஐன்ரிடேயின் வண்டி பெட்டியைக் கடந்தது. அதற்கு ஏழு வினாடி கழித்து ஹால்ஸ்டைனின் வண்டி, உள்ளே அவரும் மில்ட்ரிதும். இருவரின் வேகமும் ஐம்பதுக்கு மேல். விளக்குக்கு யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் நானூறு மீட்டரில் ஒரே ஒரு வண்டிதான் இருந்திருக்கும். பனி இரண்டையும் கடலுக்குள் தள்ளியது. உங்கள் கோப்பில் இருநூற்று முப்பத்தைந்தாவதும் முப்பத்தாறாவதும் இவைதான்.

மொத்தம் நான்கு பேர் இறந்தார்கள். நான்காவது என் தங்கை.

சாலை பன்னிரண்டு நாள் மூடியிருந்தது. அதனால் நான்கு சவப்பெட்டிகளையும் படகில் ஏற்றித்தான் நெஸ் தேவாலயத்துக்குக் கொண்டுபோனோம். கடல் அன்று அசையவே இல்லை. வாஃபிள் சுட்ட அடுப்பு துறையிலேயே இருந்தது, அதன் மேல் பனி.

இப்போது இன்னொரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தேடினால் கிடைத்துவிடும். எந்தக் கணக்கையும் முடிக்கும் முன் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அந்த மாதிரி ஒரு அட்டவணை. பக்கவாட்டில் வண்டிகள்: இருபது, நாற்பது, அறுபது, எண்பது. மேலே, பதிவான உயிரிழப்புகள்: சுழியம் முதல் ஐந்து வரை. சுழியம் என்ற பத்தியில் எல்லா வரிகளிலும் கழித்தல் குறி, அதாவது நஷ்டம். எண்பது வண்டி போனாலும் கழித்தல்தான். நூற்றுப் பதினான்கு பேர் உள்ள ஊர் எத்தனை முறை போய் வந்தாலும் ஒரு மலையைக் குடைகிற செலவுக்கு ஈடாகாது. அறுபது வண்டி வரியில் ஒன்று, இரண்டு, மூன்று உயிர் வரை கழித்தல். நான்கில் அந்தக் கழித்தல் குறி இல்லை.

அந்த அட்டவணையைச் செய்த தேதி செவ்வாய்க்கிழமை. ஏழாம் வாரத்துச் செவ்வாய், மதியம்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை.

ஆம், செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், அவர்கள் எவ்வளவு ஓட்டினாலும் அதனால் மட்டும் சுரங்கப்பாதை வராது என்று. புதன்கிழமை குன்வோர் திருவிழா போல இருக்கிறது என்றபோது தெரியும். வியாழக்கிழமை இன்று விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று சொன்னபோதும் தெரியும். அதை ஏன் சொன்னேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய உற்சாகத்தை உடைக்க மனம் வரவில்லை. பெரும்பாலும் அதுதான். அவள் பேசியபோது அந்த அட்டவணை என் எதிரில் திறந்திருந்தது. ஆனால் அது இரண்டு நாளாகத் திறந்தே இருந்தது. நான் கணினியில் திறந்ததை மூடுகிறவன் அல்ல. எந்தக் கட்டத்திலும் நான் பெயர் எழுதவில்லை. நான்கு என்பது வெறும் நான்கு. க்வீதா இறங்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எதிர்பார்ப்பது வேறு, விரும்புவது வேறு. நம் தொழிலே இந்த வேறுபாட்டின் மீதுதான் நிற்கிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முழு வாரம் எண்ணவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நான்கு அடக்கங்களுக்குப் பிறகு அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. மூன்று நாள் சராசரியை வைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டாலும் குறி மாறியிருக்குமா என்று பார்க்கவில்லை. அவர்கள் ஓட்டியது வீணாகக் கூடாது என்று நினைத்தேன். தடுப்பை இறக்காதது அதிகாரியின் தன்விருப்பத்துக்கு உட்பட்டது என்று விசாரணையில் முடிவானது. யோஸ்டைன் வேலையை விட்டுவிட்டார். நான் எழுதும் கடிதங்களுக்கு அவர் பதில் போடுவதில்லை. சுரங்கப்பாதை வந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அது ஒன்பது உயிர்களைக் காக்கும். நான்கைக் கழித்தால் ஐந்து. என் மேசை வழியாகப் போன திட்டங்களில் இவ்வளவு தெளிவான மிச்சம் வேறு எதிலும் வந்ததில்லை.

நான் அதன் வழியாக இதுவரை போகவில்லை. போகிற சந்தர்ப்பம் அமையவில்லை. அஸ்லாக் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உலர்த்திய மீன் அனுப்புகிறான். "எங்க ஊருக்கு வழி வாங்கிக் குடுத்த மச்சானுக்கு" என்று அட்டையில் எழுதுவான். கடைசித் தொலைபேசிப் பேச்சு அவனுக்குத் தெரியாது. குன்வோர் சொல்லவில்லை போலும். உங்கள் அறிக்கை வெளியானால் படிப்பான். அவன் எல்லா அறிக்கைகளையும் படிக்கிறவன். அப்புறம் மீன் வராது என்று நினைக்கிறேன். அது நியாயம்தான்.

சரி, அந்த வரி.

அடக்கம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது அஸ்லாக் என்னைச் சன்னலோரம் அழைத்துப் போனான். அன்று அவன் தன் வண்டியில் குன்வோருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கிறான்.

"உனக்குத் தெரியணும் மச்சான், அவ நின்னா" என்றான்.

முன்னால் போன இரண்டு வண்டிகளும் நிற்காமல் போய்விட்டன. குன்வோர் படகுக் கொட்டகைக்கு எதிரில் நிறுத்திவிட்டாள். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, பின்னால் இருந்த அவனுக்கு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாளாம், நில் என்று. அப்போதுதான் அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் எல்லாம் வெள்ளையாக இருந்தது. அதன் பிறகும் அவள் அசையவில்லை. விளக்குக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம் இருக்கும் என்றான். விளக்கு வரவில்லை.

"அப்புறம் மெதுவா உள்ள போனா. விளக்கு வரலைன்னா அடுத்தவங்கதான போய்ப் பாக்கணும். நான் ஹாரன் அடிச்சேன், அவ திரும்பல. தலையை வெளிய நீட்டி, காதைக் குடுத்துக்கிட்டே போனா. நடந்து போற மாதிரிதான் போச்சு வண்டி."

இரண்டாவது சரிவு அப்போது வந்தது.

நீங்கள் இப்போது புரிந்துகொண்டிருப்பீர்கள். அவள் நின்றாள், பிறகு ஊர்ந்தாள். பெட்டி அவளை எண்ணவில்லை. மறுநாள் காலை நகரத்துக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்தபோது இருநூற்று முப்பத்தாறு வரிகள்தான் இருந்தன. ஐன்ரிடே இருந்தார், ஹால்ஸ்டைன் இருந்தார். அவள் இல்லை. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே ஒரு வரி சேர்த்தேன். நேரம், பதினான்கு மணி பதினோரு நிமிடம். திசை, நெஸ் நோக்கி. வகை, கார். வேகம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை. அளக்காததை எழுதக்கூடாது. காலியாக விட்டேன்.

ஆகவே கருவி சரியாகத்தான் வேலை செய்தது. தவறு என்னுடையது, அதை எழுத்திலும் தருகிறேன். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் நான் கையால் சேர்த்த எண் அது ஒன்றுதான். அந்த வரியை நீக்கிவிடுங்கள். மற்றவையெல்லாம் சரியாக இருக்கின்றன.